தங்கம் துருப்பிடிக்குமா?

எங்கள் வீட்டில் பால் காய்கிற நேரத்துக்குத்தான் அமெரிக்காவிலிருந்து கேள்விகள் வரும். காலை ஆறரை மணி. பெங்களூர் ஜோகுபாளையத்தில் எதிர்வீட்டு மிக்ஸியும் தெருமுனைத் தேவாலய மணியும் போட்டி போட்டுக்கொண்டு கிளம்புகிற வேளை. அங்கே அவர்களுக்குச் சாயங்காலம்; தைவானில் அப்போதுதான் வேலை தொடங்கும். மூன்று நாட்டுக்காரர்களும் ஒரே சமயத்தில் கண்விழித்திருப்பது அந்த ஒரு மணி நேரம்தான். அதனால் இத்தனை வருஷத்தில் நான் காபியைச் சூடாகக் குடித்த நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

நான் சிப் வடிவமைக்கிறவள். விரல்நகத்தைவிடச் சிறிய சிலிக்கான் துண்டுக்குள் மின்சாரம் எங்கே நுழைய வேண்டும், எவ்வளவு நுழைய வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்று தீர்மானிக்கிற பகுதி என்னுடையது. பெங்களூரில் நாங்கள் கணினியில் வரைவோம். தைவானில் அதைச் செய்து, சோதித்து, பெட்டியில் போட்டு அனுப்புவார்கள். அமெரிக்காவில் இருக்கும் தலைமை அலுவலகம் எல்லாவற்றிலும் குறை கண்டுபிடிக்கும். அதற்கு நாங்கள் வைத்த பெயர் மாமியார் வீடு.

நான் சேர்ந்த புதிதில் பெங்களூருக்கு வந்ததெல்லாம் துண்டு வேலைதான். முழுச் சிப்பும் அமெரிக்காவில் இருக்கும். அதில் ஒரு மூலையை மட்டும் எங்களிடம் தருவார்கள். படிக்கட்டை மட்டும் கட்டிக் கொடுத்துவிட்டு, வீடு எப்படி வந்திருக்கிறது என்று போட்டோவில் பார்க்கிற கொத்தனார் நிலைமை. பிறகு ஊர் மாறியது. வெளிவட்டச் சாலையில் கண்ணாடிக் கட்டடங்கள் முளைத்துக்கொண்டே போயின. சிப் கம்பெனிகளில் இங்கே ஆபீஸ் இல்லாததைத் தேடித்தான் பிடிக்க வேண்டும் என்றாயிற்று. கொரோனாவுக்குப் பிறகு உலகமெங்கும் சிப் தட்டுப்பாடு வந்தபோது, என் தம்பி பதிவு செய்த கார் மாதக்கணக்கில் வரவில்லை. "அக்கா, சிப் இல்லியாம், அதான் லேட்டாம். நீ ஒண்ணு ரெண்டு கைல எடுத்துட்டு வரக்கூடாதா?" என்று கேட்டான். அவனை என்ன செய்வது? அதுவரை என் வேலை என்னவென்றே கேட்காத சொந்தக்காரர்கள்கூட அந்த வருஷம் என்னை விசாரித்தார்கள்.

ஆனாலும் படிக்கட்டு படிக்கட்டுதான். மின்சார ஸ்கூட்டரின் பேட்டரியைக் கண்காணிக்கும் ஒரு சிப்பில் எங்களுக்குப் பாதிக்கு மேல் கிடைத்தபோதுதான் மேலாளர் வாயைத் திறந்தார். இது சரியாக வந்தால் அடுத்த சிப் முழுக்கப் பெங்களூருக்கு, பொறுப்பு எனக்கு. மேலாளர் அமெரிக்காவில் இருக்கிறார். திருச்சியில் பிறந்து, முப்பது வருஷத்துக்கு முன்னால் போனவர். எங்களோடு ஒரு வார்த்தை தமிழ் பேசியதில்லை. பொங்கலுக்கு வாழ்த்துச் சொன்னால்கூட ஆங்கிலத்தில் நன்றி வரும். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். அவரிடம் மட்டும் அடக்கியே வைத்திருந்தேன், அந்த முழுச் சிப்புக்காக.

புதிய சிப்புகள் தைவானிலிருந்து வந்து இறங்கியது ஆயுத பூஜைக்கு முந்தின நாள்.

எங்கள் சோதனைக்கூடத்துக்குப் பொறுப்பாளர் ஒருவர் இருக்கிறார். மல்லேஸ்வரத்துக்காரர். வீட்டில் கன்னடம், எங்களோடு தமிழ், கோபம் வந்தால் இரண்டும். நம் உடம்பில் இருக்கிற நிலைமின்சாரமே ஒரு சிப்பைக் கொன்றுவிடும் என்பதால், மணிக்கட்டில் பட்டை கட்டாமல் யாரையும் உள்ளே விடமாட்டார். ஒருமுறை மேலாளர் இங்கே வந்திருந்தபோது அவரையே வாசலில் நிறுத்தி, "ஸ்ட்ராப் ஹாக்கொள்ளி சார்" என்று கன்னடத்தில் பட்டை கட்டச் சொன்னவர். செருப்பு, தூசி, தலைமுடி, பிஸ்கட் துணுக்கு எல்லாமே அவருக்கு எதிரிகள்.

அப்படிப்பட்ட மனிதருக்கு வருஷத்தில் ஒரு நாள் சட்டம் தளரும். ஆயுத பூஜை என்றால் பெங்களூரில் பஸ்ஸுக்கும் மாலை, லேத்துக்கும் மாலை, ஏ.டி.எம். வாசலுக்கும் வாழைக்கன்று. எங்கள் லேப் மட்டும் என்ன பாவம் செய்தது? நான் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பூசைக்குப் போகிற கத்தோலிக்கப் பெண்தான். ஆனால் இந்தப் பூஜைக்குப் பொரியும் கடலையும் வாங்கி வருவது வருஷா வருஷம் என் வேலை. நான் பேரம் பேசினால் கடைக்காரர் கொசுறு போட்டே தீருவார். கற்பூரம் ஏற்றினால் தீயணைப்பு மணி அலறும் என்பதால் பேட்டரி விளக்கைக் காட்டி ஆரத்தி எடுத்தோம். பொறுப்பாளர் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, மணிக்கட்டில் பட்டையும் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு கருவிக்கும் சந்தனம் குழைத்து வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்தார். கடைசியில் புதுச் சிப்புக்கான சாக்கெட்டுக்கு வந்தார். சாக்கெட் என்பது சிப் உட்காருகிற நாற்காலி. உள்ளே ஊசி ஊசியாகக் கம்பிகள், மேலே ஒரு மூடி. அதுவும் தைவானிலிருந்து சிப்புகளோடு வந்ததுதான். மூடி நன்றாக மூடியிருக்கிறதா என்று இரண்டு முறை அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் அதன் நெற்றியில் பெரிதாக ஒரு பொட்டு வைத்தார்.

திரும்புகிறபோது அவர் முழங்கை பட்டு, தட்டிலிருந்த குங்குமம் என் சந்தன நிறத் துப்பட்டாவில் கொட்டியது.

"ஐயோ சார்! புதுத் துப்பட்டா!"

"விடுங்க மேடம், தேவி உங்களுக்கே ஆசீர்வாதம் மாடிட்டா. சோப்பு போட்டா போயிடும்."

சோப்புப் போட்டால் போகவில்லை. சோப்புப் பட்டதும் அது இன்னும் சிவந்தது. எலுமிச்சை தேய்த்தால் மஞ்சளானது. காய்ந்ததும் துருப் பிடித்த மாதிரிப் பழுப்பாக நின்றது. ஒவ்வொரு ஞாயிறும் அந்தத் துப்பட்டாவோடு மல்லுக்கு நின்றேன்.

லேபில் முதல் சில நாட்கள் திருவிழாதான். சிப் முதல் தடவையே எழுந்து உட்கார்ந்தது. மைசூர்பாகு வந்தது. பிறகு சூட்டில் வைத்துச் சோதிக்கத் தொடங்கினோம். சாக்கெட் மூடியைத் திறப்பது, சிப்பை மாற்றுவது, மூடுவது, அடுப்பு மாதிரியான பெட்டிக்குள் வைப்பது என்று நாள் முழுவதும் அதே வேலை. ஒரு வாரத்தில் சிப் மயங்கி விழ ஆரம்பித்தது. ஓடிக்கொண்டே இருக்கும், திடீரென்று அணைந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கும். மின்சாரம் போதவில்லை என்றது மீட்டர். மின்சாரம் என்றால் யார்? நான்தான்.

காலை ஆறரை மணிகள் கசந்தன. "உங்கள் பகுதியை மறுபடி பாருங்கள்" என்று மேலாளர் ஆங்கிலத்தில், குரலை உயர்த்தாமல், தினம் சொன்னார். கத்தினாலாவது பதிலுக்குக் கத்தலாம். பார்த்தேன். நான் வரைந்த ஒவ்வொரு கோட்டையும் திரும்பப் பார்த்தேன். தப்பு இல்லை. தைவானில் இதே சிப்புகள் இதே சூட்டில் ஒழுங்காக ஓடியிருந்தன. முழுச் சிப் கைநழுவிப் போகிறது என்று தெரிந்துவிட்டது. சாப்பாடு இறங்கவில்லை. வீட்டில் காரணமில்லாமல் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன்.

அப்போதுதான் பொறுப்பாளர் சாக்கெட்டின் உள்ளே நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். ஊசிக் கம்பிகளின் நுனியில் அங்கங்கே செம்பழுப்புத் துகள்கள் ஒட்டியிருந்தன.

"துரு மேடம்," என்றார்.

"கடல் காத்தா இருக்குமோ சார்? தைவான் தீவாச்சே."

"அதேதான். அங்கிருந்து வரும்போதே இப்படித்தான் வந்திருக்கு."

படம் எடுத்து அனுப்பினோம். மேலாளர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். சாக்கெட்டைத் துருவோடு அனுப்பியது தைவான் சோதனைச்சாலையின் கவனக்குறைவு என்று முடிவாயிற்று. பொய் சொல்வானேன், தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று அன்றைக்கு நான் இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன்.

தைவானில் எங்களோடு பேசுகிற சோதனைப் பொறியாளர் ஒரு பெண். பல வருஷப் பழக்கம், நேரில் பார்த்ததில்லை. குரலை வைத்தே அவளுக்குச் சளி பிடித்திருக்கிறது என்று சொல்லிவிடுவேன். என் வீட்டுக் குக்கர் விசிலடித்தால் "போய் அடுப்பைப் பார்" என்று அவளே சொல்லுவாள். இரண்டு பேருக்குமே ஆங்கிலம் கடன் வாங்கினதுதான் என்பதால் எங்களுக்குள் சிக்கலே கிடையாது. துரு விஷயம் வந்த பிறகு அவள் பேச்சு சுருங்கிப்போயிற்று. "திரும்பப் பார்க்கிறோம், மன்னிக்கவும்" என்பதற்கு மேல் ஒன்றும் வராது.

ஒருநாள் மற்றவர்கள் சேர்வதற்கு முன்பே இணைப்பில் இருந்தாள். அவளாகவே சொன்னாள். அந்தச் சாக்கெட்டைத் துடைத்து, நுண்ணோக்கியில் பார்த்து, பெட்டியில் வைத்தது அவள்தானாம். புகார் போயிருப்பதால் அவளைச் சோதனை வேலையிலிருந்து எடுத்துவிடப் போகிறார்களாம். அடுத்த மாதத்திலிருந்து கிடங்கில் வேலை.

"சுத்தமாகத்தான் இருந்தது," என்றாள். "ஆனால் உங்கள் படத்தில் துரு இருக்கிறது. நான் என்ன சொல்வேன்? ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை. அந்த ஊசிகளுக்குத் தங்க முலாம் பூசியிருக்கிறது."

அதற்குள் மேலாளர் வந்துவிட்டார். பேச்சு மாறிவிட்டது.

ஆபீஸ் போகிற வழியெல்லாம் அந்த ஒரு வாக்கியம் என்னைக் குடைந்தது. தங்கம் துருப்பிடிக்குமா? என் கழுத்துச் சங்கிலி இத்தனை வருஷ வியர்வையில் ஊறியிருக்கிறது, துருப்பிடித்ததா? நேராக லேபுக்குப் போய், பட்டையைக் கட்டிக்கொண்டு, ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் ஓர் ஊசியின் நுனியைத் துடைத்தேன். துரு என்றால் அப்படி ஒரே துடைப்பில் வராது. வந்தது. வெள்ளைப் பஞ்சில் சிவப்பு, ஓரத்தில் மஞ்சள். அந்த நிறத்தை எனக்குத் தெரியும். வாராவாரம் அதோடுதானே சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்!

சாக்கெட் மூடியைப் பார்த்தேன். பூஜையன்று வைத்த பெரிய பொட்டில் பாதிதான் இருந்தது. சூட்டில் சந்தனம் காய்ந்து வெடித்து, மூடியைத் திறந்து மூடும்போதெல்லாம் பொடிப்பொடியாக உள்ளே உதிர்ந்து, ஊசிக்கும் சிப்புக்கும் நடுவில் மாட்டி மின்சாரத்தைத் தடுத்திருக்கிறது. நுண்ணோக்கி வைத்து, மீட்டர் வைத்து, மூன்று நாட்டு மூளையை வைத்து எல்லாவற்றையும் பார்த்தோம். கண்ணெதிரே இருந்த பொட்டைப் பார்க்கவில்லை. எங்கள் லேபில் பொட்டு இல்லாத கருவி ஏது? இல்லாமல் இருந்தால்தான் கண்ணில் பட்டிருக்கும். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது இதுதான்.

பஞ்சைப் பொறுப்பாளரிடம் காட்டினேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"நானா மேடம்?" என்றார். "பிஸ்கட் துண்டு கொண்டு வந்தாலே வெளிய தள்ளுற நானா?"

"மூடி மேலதானே சார் வெச்சீங்க. யாருக்குத் தெரியும் அது உதிரும்னு."

ஊசிகளை எல்லாம் சுத்தம் செய்து, சிப்பை வைத்து, சூட்டில் ஓட விட்டோம். சாயங்காலம் வரை ஒரு தடவைகூட அணையவில்லை. சந்தோஷப்பட வேண்டிய நேரம். நாங்கள் இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். சொன்னால் மானம் போகும்; அதோடு முழுச் சிப்பும் போகும். சோதனைக் கருவியில் குங்குமம் தடவுகிற கூட்டத்திடம் யார் முழு வேலையைக் கொடுப்பார்கள்? சொல்லாவிட்டால் ஒன்றுமே ஆகாது. துருவைச் சுத்தம் செய்தோம், சரியாகிவிட்டது என்று ஒரு வரி போதும். அவள் மட்டும் கிடங்குக்குப் போவாள்.

"நீங்க சும்மனே இருங்க மேடம்," என்றார் பொறுப்பாளர். "நான் வெச்சது, நான் சொல்லிக்கறேன். உங்க சிப்பு போயிடக்கூடாது."

"நீங்க சொன்னா மட்டும் சிப்பு எனக்கு வந்துடுமா? ரெண்டு பேரும் ஒரே லேப்தான சார்."

வீட்டில் கணவரிடம் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் வரலாறு சொல்லிக் கொடுக்கிறவர். எதையும் யோசித்துத்தான் பேசுவார்.

"இப்ப எதுவும் முடிவு பண்ணாத. நாளைக்கு வாய மட்டும் கொஞ்சம் கட்டி வெச்சிரு. வர்றத கெடுத்துக்காத."

"ஏங்க, அவ கிடங்குல மூட்ட அடுக்கப் போறா."

"நான் வேணான்னா சொன்னேன்? ஒரு நாள் பொறுத்து, பதமா எழுதி அனுப்பலாமேன்னு சொல்றேன்."

அவர் சொன்னதும் நியாயம்தான். பதமாக எழுதுவது என்றுதான் மறுநாள் காலை உட்கார்ந்தேன். மேலாளர் தொடங்கினார். சிப் சரியாக ஓடுகிறது என்று கேட்டதும் அவர் குரல் இளகியது. பெங்களூர் நன்றாக வேலை செய்தது என்றார். பிறகு தைவான் பக்கம் திரும்பி, அடிப்படைச் சுத்தம்கூட உங்களுக்குச் சொல்லித்தர வேண்டுமா என்று கேட்டார். அவள் "மன்னிக்கவும், என் தவறு" என்றாள்.

என் தவறு என்றாளே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பதமாவது ஒன்றாவது!

"அது துரு இல்லை," என்று ஆங்கிலத்தில் கத்தினேன். "அது குங்குமம். எங்கள் லேபில், எங்கள் பூஜையில், நாங்கள் வைத்த குங்குமம். அவள் அனுப்பிய சாக்கெட் சுத்தமாக இருந்தது."

அடுப்படியில் என் கணவர் கரண்டியைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு மேலாளரின் குரல் வந்தது. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, சுத்தமான திருச்சித் தமிழில்.

"சாக்கெட்டுக்கு யாரும்மா பொட்டு வச்சது?"

"நாங்க எல்லாரும்தான் சார்."

"நான்தான் சார்," என்றது மல்லேஸ்வரத்திலிருந்து இன்னொரு குரல்.

"மூடி மேலயா, உள்ளயா?"

"மூடி மேலதான் சார். அழுத்தி மூடிட்டுத்தான் வெச்சேன்."

மேலாளர் பெருமூச்சு விட்டார். தைவான்காரிக்கு ஒன்றும் புரியவில்லை. குங்குமம் என்றால் என்ன என்று கேட்டாள். இயந்திரம் நன்றாக ஓட வேண்டும் என்று கடவுளை வேண்டி வைக்கிற சிவப்புப் பொடி என்றேன். சொல்லும்போதே எனக்குக் கூச்சமாக இருந்தது. அவள் மேசை இழுப்பறையைத் திறந்து, பச்சை உறை போட்ட ஒரு தின்பண்டப் பொட்டலத்தை எடுத்து கேமராவுக்கு முன்னால் நீட்டினாள். அவர்கள் ஊரில் இயந்திரம் மக்கர் பண்ணாமல் இருக்க இதை அதன்மேல் வைப்பார்களாம். பச்சை உறைதான் வைக்க வேண்டும். மஞ்சள் வைத்தால் ஆகாது. தேதி காலாவதியாவதற்கு முன்பே மாற்றிவிட வேண்டுமாம். இழுப்பறையில் இருப்பது மாற்றுப் பொட்டலம்.

"ஆனால் நாங்கள் பொட்டலத்தைப் பிரிக்க மாட்டோம்," என்றாள். அழுகையும் சிரிப்பும் கலந்த குரல். 

அவள் கிடங்குக்குப் போகவில்லை. மேலாளரே அவர்கள் மேலிடத்தோடு பேசினார் என்று பின்னால் தெரிந்தது. ஆனால் அடுத்த முழுச் சிப் எங்களுக்கு வரவில்லை. வேறு நாட்டில் இருக்கும் குழுவுக்குப் போயிற்று. குங்குமத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று மேலாளர் எழுதினார், மறுபடி ஆங்கிலத்தில். நான் நம்பவில்லை. சொன்னதற்காக ஒரு நாளும் வருத்தப்படவில்லை. கிடைக்காததற்கு ஒவ்வொரு நாளும் வருத்தப்பட்டேன். இரண்டும் ஒரே மனசில் இருக்கத்தான் செய்தன. துப்பட்டாவைத் துண்டாக்கி ஜன்னல் துடைக்கப் போட்டுவிட்டேன்.

அடுத்த வருஷம் அந்தக் குழுவின் சிப் வந்தபோது அதுவும் மயங்கி விழுந்ததாகக் கேள்விப்பட்டோம். அவர்கள் தைவானைக் கைகாட்டினார்கள், தைவான் அவர்களைக் கைகாட்டியது. மாதக்கணக்கில் இழுத்தது. ஒருநாள் முன்னறிவிப்பில்லாமல் அந்தச் சிப்புகள் எங்கள் லேபுக்கு வந்து இறங்கின. பெட்டிக்குள் புதுச் சாக்கெட், அதன் பக்கத்தில் பஞ்சு சுற்றிய ஒரு பச்சைப் பொட்டலம். அந்த வருஷ ஆயுத பூஜையில் பொறுப்பாளர் குங்குமத் தட்டோடு வந்து என் முகத்தைப் பார்த்தார். "பொட்டு எங்க இடறது மேடம்?" நான் அலமாரி மேலிருந்த பொட்டலத்தைக் காட்டினேன். அதற்கு மட்டும் பொட்டு வைத்துவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்து சாக்கெட்டைத் திறந்தார். கோளாறு எங்கே என்று அந்த மாதமே கண்டுபிடித்துச் சொன்னோம்.

அதற்குப் பிறகு ஒரு காலையில் மேலாளர் என்னை மட்டும் அழைத்தார். அடுத்த சிப் முழுக்கப் பெங்களூருக்கு என்றார். தமிழிலேயே சொன்னார்.

எனக்கு நாக்கு நிற்குமா? "போன தடவ எங்கள நம்பலையே சார். இப்ப மட்டும் என்ன?" என்று கேட்டேன்.

"நானா குடுக்கலம்மா," என்றார். "அந்தச் சிப்பை எங்க அனுப்பலாம்னு தைவான்ல அந்தப் பொண்ணுகிட்டதான் கேட்டேன். பெங்களூருக்கு அனுப்புங்க, தப்பு அவங்களோடதா இருந்தாலும் சொல்லிடுவாங்கன்னா. அதுக்கப்புறம் நான் யோசிக்க என்ன இருக்கு?"

கூடத்திலிருந்து என் கணவர் கத்தினார்.

"பால் பொங்கி வழியுது, பாக்கலையா?"

"பொங்கட்டும் விடுங்க!" என்றேன்.